மல்டிமீட்டரின் வரலாறு: கையடக்கக் கருவியும் மேசைக் கருவியும்

மல்டிமீட்டர் அல்லது பன்மானி என்பது மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் அளக்கப் பயன்படும் ஒரே கருவி ஆகும். இன்று இது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு மின்கலத்தால் இயக்கப்படுவது கையடக்க மல்டிமீட்டர். மேசைமீது நிலையாக வைத்து வீட்டு மின்சாரத்தால் இயக்கப்படுவது மேசை மல்டிமீட்டர். கடைக்காரர்கள் இதைப் பெஞ்ச் மீட்டர் என்பார்கள். வீட்டில் ஒரு சிறு மின்னணுப் பட்டறை அமைக்க விரும்பும் மாணவருக்கு முதலில் எழும் கேள்வி, இவ்விரண்டில் எதை வாங்குவது என்பதாகும். விலையை மட்டும் ஒப்பிட்டால் இக்கேள்விக்கு முழுமையான விடை கிடைக்காது. இரு வடிவங்களும் வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. அந்தத் தேவைகளை அறிந்தால் விடை எளிதாகும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊரான குளச்சலில் கிடைக்கும் அனுபவத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சொல்கிறது.

காந்த ஊசியில் தொடங்கிய அளவை

1820-ஆம் ஆண்டு டென்மார்க் அறிவியலாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி விலகுவதைக் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்வைகர், கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றினால் அந்த விலகல் பெருகும் என்று காட்டினார். கால்வனாமீட்டர் இவ்வாறு பிறந்தது. 1827-இல் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் கணித வடிவில் நூலாக வெளியிட்டவர் ஜார்ஜ் சைமன் ஓம். அவர் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

தொடக்ககாலக் கருவிகள் எல்லாம் மேசைக் கருவிகளே. 1858-இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பியில் வந்த மிக நலிந்த மின்னோட்டத்தை உணர, வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) கண்ணாடிக் கால்வனாமீட்டரைப் பயன்படுத்தினார். சிறு கண்ணாடி ஒன்றில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி அளவுகோலில் நகர்வதைப் பார்த்துச் செய்தியைப் படிக்க வேண்டும். அதற்கு இருண்ட அறையும் அசையாத மேசையும் தேவைப்பட்டன. நுட்பமாக அளக்க வேண்டுமானால் கருவி அசையக் கூடாது என்பதே அக்காலத்து நிலை.

இந்நிலையை மாற்றியது இயங்கு சுருள் அமைப்பு. 1882-இல் பிரான்சில் தார்சன்வால், தெப்ரே ஆகியோர் நிலைக்காந்தத்தின் நடுவே கம்பிச்சுருளைத் திரும்பச் செய்தனர். 1888-இல் அமெரிக்காவில் எட்வர்டு வெஸ்டன் இதே தத்துவத்தில், தூக்கிச் செல்லக்கூடிய, அளவுகோலை நேரடியாகப் படிக்கக்கூடிய கருவியை உருவாக்கினார். மேல்நிலைப் பள்ளி இயற்பியலில், கால்வனாமீட்டருக்குப் பக்க இணைப்பில் குறைந்த மின்தடையை இணைத்தால் அம்மீட்டர், தொடர் இணைப்பில் அதிக மின்தடையை இணைத்தால் வோல்ட்மீட்டர் என்று படிக்கிறோம் அல்லவா? அந்தப் பாடத்தின் இரு பகுதிகளையும் ஒரு திருகு சாவியின் பின்னால் வைத்தால் கிடைப்பதே மல்டிமீட்டர்.

சுமை தாங்காத பொறியாளரின் கருவி

அதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் பிரித்தானிய அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மக்காடி. தொலைத்தொடர்புக் கம்பிகளைப் பராமரிக்கச் செல்லும்போது பல கருவிகளைத் தனித்தனியே சுமக்க வேண்டியிருந்தது அவருக்குத் தொல்லையாக இருந்தது. அவர் வகுத்த கருவி 1923-இல் 'ஏவோ' மீட்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. முதல் மாதிரி நேர்திசை மின்னோட்டத்தை மட்டுமே அளந்தது. மாறுதிசை மின்னோட்டம் பின்னர் சேர்க்கப்பட்டது. 1951-இல் வெளிவந்த அதன் எட்டாம் மாதிரி அரை நூற்றாண்டுக்கு மேல் தயாரிப்பில் இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மல்டிமீட்டர் ஆய்வகத்திற்காகப் பிறந்த கருவி அன்று. பழுது இருக்கும் இடத்திற்கு மனிதன் போக வேண்டியிருந்ததால் பிறந்தது. கையடக்கக் கருவியின் அடிப்படை நியாயம் இதுவே.

மேசைக் கருவி மீண்டும் தேவைப்பட்டது ஏன்?

முள் மீட்டருக்கு ஒரு குறை உண்டு. முள்ளை நகர்த்தத் தேவையான மின்னோட்டத்தை அது அளக்கப்படும் சுற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஏவோ எட்டாம் மாதிரியின் உணர்திறன் ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம். அதாவது 10 வோல்ட் வீச்சில் அதன் உள்தடை 2 லட்சம் ஓம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 வோல்ட் மின்மூலத்துடன் 1 லட்சம் ஓம் மின்தடைகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டுள்ளன. நடுப்புள்ளியில் உண்மையான மின்னழுத்தம் 5 வோல்ட். மேற்சொன்ன மீட்டரை வைத்தால் கீழ் மின்தடையின் பயனுறு மதிப்பு சுமார் 66,700 ஓம் ஆகக் குறைகிறது; மீட்டர் 4 வோல்ட் காட்டும். ஒரு வோல்ட்டுக்கு 1,000 ஓம் மட்டுமே உள்ள மலிவான முள் மீட்டரை வைத்தால் சுமார் 0.83 வோல்ட்தான் காட்டும். மீட்டரில் பழுதில்லை, சுற்றிலும் பழுதில்லை. அளக்கும் செயலே அளவை மாற்றிவிடுகிறது.

வால்வு வானொலிகள் பரவிய காலத்தில் இக்குறை பெரிய இடையூறானது. அதற்குத் தீர்வாக வந்ததே வால்வு வோல்ட்மீட்டர். சுற்றிலிருந்து மின்னோட்டத்தை எடுப்பதற்குப் பதிலாக, வால்வின் கட்டுப்பாட்டு முனையில் மின்னழுத்தத்தைக் கொடுத்துப் பெருக்கிக் காட்டியது. இதன் உள்தடை பொதுவாக 1.1 கோடி ஓம் அளவில் இருந்தது. ஆனால் வால்வுகளைச் சூடாக்க வீட்டு மின்சாரம் வேண்டும்; பெட்டியும் பெரிதாகும். ஆகவே கருவி மீண்டும் மேசைக்கு வந்தது. அன்று வானொலிப் பட்டறைகளில் மேசைமீது வால்வு மீட்டரும் பையில் முள் மீட்டரும் தனித்தனி வேலைகளுக்காக இருந்தன.

இலக்கங்கள் வந்த பிறகு

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ கே நிறுவிய நான்-லீனியர் சிஸ்டம்ஸ் நிறுவனம் எண்களில் விடை காட்டும் வோல்ட்மீட்டரை உருவாக்கியது. அதுவும் மேசையை நிறைக்கும் பெட்டியே. பின்னர் 'இரட்டைச் சாய்வு' முறை பரவியது. அளக்க வேண்டிய மின்னழுத்தத்தால் ஒரு மின்தேக்கியைக் குறிப்பிட்ட நேரம் மின்னேற்ற வேண்டும். பிறகு தெரிந்த ஒரு மின்னழுத்தத்தால் அதை மின்னிறக்கி, காலியாக எடுக்கும் நேரத்தைத் துடிப்புகளாக எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையே விடை. மின்னேற்றும் நேரத்தை 20 மில்லிநொடியின் மடங்காக வைத்தால் நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் கூட்டலும் கழித்தலுமாகச் சமமாகிவிடும். எளிய பாகங்களைக் கொண்டே நல்ல துல்லியம் பெற முடிந்தது இதனால்தான்.

1970-களின் பிற்பகுதியில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. 1977-இல் ஃபுளூக் நிறுவனம் 8020ஏ என்ற கையடக்க இலக்க மல்டிமீட்டரை வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் இன்டர்சில் நிறுவனத்தின் 7106 என்ற சில்லு வந்தது. மூன்றரை இலக்க மீட்டரின் பெரும்பகுதி வேலையை இந்த ஒரு சில்லே செய்து, திரவப் படிகத் திரையையும் நேரடியாக இயக்கியது. 9 வோல்ட் மின்கலமே போதுமானது. இன்றும் கடைகளில் மஞ்சள் அல்லது கறுப்பு நிறத்தில் தொங்கும் டிடி-830 வகை மலிவு மீட்டர்கள் இந்தச் சில்லின் வழிவந்தவையே.

சாதாரண இலக்க மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 1 கோடி ஓம். (மிக மலிவான மாதிரிகளில் 10 லட்சம் ஓம் மட்டுமே இருக்கலாம், வாங்குமுன் பார்க்க வேண்டும்.) மேலே கண்ட கணக்கில் 1 கோடி ஓம் மீட்டர் சுமார் 4.975 வோல்ட் காட்டும். மேசைக் கருவி தேவைப்பட்டதற்கான பழைய காரணம் இத்துடன் தீர்ந்தது. வால்வு மீட்டர் செய்த வேலையைச் சட்டைப்பையில் அடங்கும் கருவி செய்யத் தொடங்கியது.

அப்படியானால் மேசைக் கருவி ஏன் மறையவில்லை? அது வேறொரு திசையில் வளர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் வெளியிட்ட 34401ஏ என்ற ஆறரை இலக்க மேசை மீட்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 10 வோல்ட் வீச்சில் அது 10 மைக்ரோவோல்ட் வரை பிரித்துக் காட்டும். மூன்றரை இலக்கக் கையடக்க மீட்டர் 20 வோல்ட் வீச்சில் 10 மில்லிவோல்ட் வரைதான் பிரித்துக் காட்டும். வேறுபாடு ஆயிரம் மடங்கு. நான்கு கம்பி முறையில் மின்தடை அளத்தல், கணினியுடன் இணைத்து மணிக்கணக்கில் அளவுகளைப் பதிவு செய்தல் ஆகியவையும் மேசைக் கருவியின் பணிகளாயின.

இந்தியாவில் நாசிக்கின் மோட்வானே, ரிஷப், மும்பையின் மெக்கோ ஆகிய நிறுவனங்கள் இத்துறையில் அறியப்பட்டவை. தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்த தலைமுறைக்கு முள் மீட்டர்தான் முதல் ஆசான். முள் மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்தே மின்தேக்கி நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார்கள்.

குளச்சல் சொல்லும் பாடம்

குளச்சல், 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்ற இடமாக வரலாற்றுப் பாடத்தில் வரும் ஊர். இன்று அது ஒரு மீன்பிடித் துறைமுகம். கட்டுமரத்துக்கும் பாய்க்கும் பழகிய இக்கடற்கரையில், இயந்திரங்கள் வந்த பிறகு மின்சாரமும் கடலுக்குச் சென்றது. இன்று வள்ளங்களிலும் விசைப்படகுகளிலும் 12 வோல்ட் பேட்டரி, விளக்குகள், ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ கருவி, வயர்லெஸ் ஆகியவை இடம்பெறுகின்றன.

இங்கே மின்னணுக் கருவிகளின் முதல் எதிரி உப்புக்காற்று. செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும்; ஈயப் பற்றுகள் வெளுத்துப் போகும். ஒரு வயர்லெஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். 25 வாட் திறனில் செய்தி அனுப்பும் கடல்சார் விஎச்எஃப் கருவி சுமார் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். பேட்டரி முனையில் களிம்பு ஏறி 0.4 ஓம் மின்தடை உருவாகியிருந்தால், செய்தி அனுப்பும்போது அங்கேயே 2 வோல்ட் வீணாகும். கேட்கும்போது மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கருவி நன்றாகவே கேட்கும். பேச முயலும்போதுதான் திறன் குறையும் அல்லது கருவி அணைந்துவிடும்.

இந்தப் பழுதை மின்தடை அளந்து கண்டுபிடிப்பது கடினம். மீட்டர் கம்பிகளின் மின்தடையே 0.1 முதல் 0.5 ஓம் வரை இருக்கக்கூடும், 0.4 ஓம் அதில் கரைந்துவிடும். சரியான வழி, ஒருவர் பேசும் பொத்தானை அழுத்த, மற்றவர் மீட்டரை நேர்திசை வோல்ட் வீச்சில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரித் தூணிலும் மறுமுனையைக் கம்பியின் கவ்வியிலும் தொடுவதாகும். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட் காட்டும். 2 வோல்ட் காட்டினால் பழுது அங்கேயே இருக்கிறது. மூன்றரை இலக்கக் கையடக்க மீட்டரே இதற்குப் போதும். ஆறரை இலக்க மேசை மீட்டர் இந்த இடத்துக்கு வரவே முடியாது.

இது சிறு விஷயமன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை சென்று சேராதது பெரும் துயரத்துக்கு ஒரு காரணமாயிற்று. விஎச்எஃப் கருவியின் எல்லைக்கு அப்பால் இருப்பவரை எந்த மீட்டராலும் எட்ட முடியாது. அதற்குச் செயற்கைக்கோள் வழித் தொடர்பு வேண்டும். ஆனால் எல்லைக்குள் இருந்தும் களிம்பேறிய ஒரு கவ்வியால் பேச முடியாமல் போவது தவிர்க்கக்கூடிய இழப்பு. கடலுக்குப் போகுமுன் செய்யும் இரண்டு நிமிடச் சோதனை அதைத் தவிர்க்கும்.

எவ்வளவு துல்லியம் போதும்?

மாணவர்கள் பெரும்பாலும் அதிக இலக்கம் என்றால் அதிக உண்மை என்று நினைக்கிறார்கள். பகுதிறன் வேறு, துல்லியம் வேறு. ஒரு மூன்றரை இலக்க மீட்டரின் பிழை எல்லை 0.5 விழுக்காடும் 2 இலக்கமும் என்று கொள்வோம். 20 வோல்ட் வீச்சில் 5.00 என்று காட்டினால், பிழை 0.025 உடன் 0.02 சேர்ந்து 0.045 வோல்ட். உண்மை மதிப்பு 4.955-க்கும் 5.045-க்கும் இடையே இருக்கும். 5 வோல்ட்டில் இயங்கும் பல இலக்கச் சில்லுகள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை ஏற்கும். ஆகவே மின்வழங்கி சரியா என்று பார்க்க இது தாராளமாகப் போதும்.

போதாத இடங்களும் உண்டு. பிளாட்டின வெப்ப உணரியான பிடி-100 ஒரு பாகை செல்சியசுக்கு சுமார் 0.385 ஓம் மாறும். கம்பிகளின் மின்தடை 0.4 ஓம் என்றால் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு பாகை பிழை வரும். நான்கு கம்பி முறையில் மின்னோட்டத்தை ஓர் இணையாலும் மின்னழுத்தத்தை மற்றோர் இணையாலும் கொண்டுசெல்வதால் இப்பிழை நீங்கும். இத்தகைய அளவைகளைச் செய்பவருக்கு மேசை மீட்டர் ஆடம்பரமன்று.

ஆனால் அளவுத்திருத்தம் இல்லாத ஆறரை இலக்கத்தில் கடைசி இலக்கங்கள் வெறும் அலங்காரம். நம் நாட்டில் மின் அளவைகளின் தேசியத் தரங்களைப் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணுகிறது. அத்தரத்துடன் ஒப்பிடும் தொடர் சங்கிலி வழியாகவே மற்ற ஆய்வகங்கள் கருவிகளைத் திருத்துகின்றன. பழைய மேசை மீட்டரை மலிவாக வாங்குபவர் திருத்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

உயிர் காக்கும் எண்கள்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதன் உச்ச மதிப்பு சுமார் 325 வோல்ட். மின்னல், மின்தடங்கல் நேரங்களில் நொடிப்பொழுது இதைவிடப் பன்மடங்கு உயர்ந்த மின்னழுத்தம் கம்பியில் வரக்கூடும். இதைத் தாங்கும் திறனை, ஐஇசி 61010 என்ற பன்னாட்டுத் தரம் 'கேட்' என்ற வகைகளால் குறிக்கிறது. சுவர்ப் பிளக்கில் இணைக்கும் கருவிகளின் சுற்றுகளுக்கு இரண்டாம் வகை. கட்டடத்தின் மின்பகிர்வுப் பலகைக்கு மூன்றாம் வகை. வெளியிலிருந்து மின்சாரம் வந்துசேரும் இடத்துக்கு நான்காம் வகை.

தரமான கையடக்க மீட்டர்கள் மூன்றாம் வகை, 600 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்குமாறு செய்யப்படுகின்றன. மேசை மீட்டர்கள் பல இரண்டாம் வகை, 300 வோல்ட் அளவில் நின்றுவிடும். விலை உயர்ந்தது என்பதால் மேசைக் கருவி மின்பகிர்வுப் பலகைக்கு ஏற்றதாகிவிடாது. மறுபுறம், மிக மலிவான கையடக்க மீட்டர்களில் 10 ஆம்பியர் துளையின் அருகே 'ஃபியூஸ் இல்லை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சிடப்பட்டிருக்கும். அத்துளையில் கம்பியை வைத்தபடி மறந்து பேட்டரியையோ பிளக்கையோ தொட்டால் அது நேரடிக் குறுக்குச்சுற்று. கம்பி உருகும், கை வேகும். முன்பக்கத்தில் அச்சிட்ட 'கேட்' எண்ணை மட்டும் நம்பாமல், இரண்டு மின்னோட்டத் துளைகளுக்கும் உயர்திறன் ஃபியூஸ் உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

தேர்வு முறை

இவ்வரலாற்றிலிருந்து வீட்டுப் பட்டறைக்குப் பின்வரும் வரிசையைப் பரிந்துரைக்கலாம்.

முதலில், ஃபியூஸ் பாதுகாப்பும் மூன்றாம் வகைத் தரமும் 1 கோடி ஓம் உள்தடையும் உள்ள ஒரு நல்ல கையடக்க மீட்டர். மின்சாரம் இல்லாதபோதும் வேலை செய்யும். படகுக்கும் பக்கத்து வீட்டுக்கும் உடன் வரும்.

இரண்டாவதாக, இன்னொரு எளிய கையடக்க மீட்டர். ஒரு சுற்றின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க இரண்டு மீட்டர்கள் வேண்டும். தவிர, ஒன்றின் மீது ஐயம் வந்தால் மற்றொன்றால் சரிபார்க்கலாம். ஒரே விலையில் ஒரு மேசை மீட்டரைவிட இரண்டு கையடக்க மீட்டர்கள் தொடக்கநிலை மாணவருக்கு அதிகம் கற்றுத்தரும்.

மூன்றாவதாக மேசை மீட்டர். நாள்முழுதும் ஒரே இடத்தில் அளப்பவர், சிறு மின்தடைகளை நான்கு கம்பி முறையில் அளப்பவர், உணரிகளின் அளவுகளைக் கணினியில் பதிவு செய்பவர் ஆகியோருக்கு இது பயன்படும். மின்கலம் தீர்ந்துபோகும் கவலையும் தானாக அணைந்துபோகும் தொல்லையும் இதில் இல்லை. எண்களும் தூரத்திலிருந்தே தெரியும்.

கடற்கரை ஊர்களில் இருப்போர் எந்த மீட்டரையும் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். நாள்பட உபயோகிக்காவிட்டால் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். அளவு தாவித் தாவிக் காட்டினால், கம்பிகளையும் மின்கலத்தையும் அகற்றிவிட்டுத் திருகு சாவியின் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்க்கலாம். மீட்டரை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தெரிந்த ஒரு புதிய மின்கலத்தை முதலில் அளந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மேசைமீது நிலையாக வைத்து அளப்பதற்கும் பழுதுள்ள இடத்துக்கே போய் அளப்பதற்கும் இன்று தனித்தனிக் கருவிகள் உண்டு. குளச்சல் கரையில் பழுது பெரும்பாலும் மேசையைத் தேடி வருவதில்லை. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. எனவே இங்குள்ள மாணவர் கையடக்க மீட்டரில் தொடங்குவதே பொருத்தமாகும்.